போக்சோ புகார் கொடுத்த பிறகு என்ன நடக்கும்? குழந்தைக்காக எட்டு இடங்களில் நடக்கும் வேலையை ஒருங்கிணைப்பது யார்?

வீட்டுக் குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்ததும் பெரியவர்கள் மனதில் முதலில் ஓடுவது, "வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?" என்ற கேள்விதான். அடுத்தது, "ஸ்டேஷன், கோர்ட்டுன்னு பிள்ளையை அலைய விடுவாங்களே!" என்ற பயம்.

முதல் பயத்துக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை. வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு செய்பவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

இரண்டாவது பயம் பாதி உண்மை. போலீஸ், ஆஸ்பத்திரி, குழந்தைகள் நலக் குழு, மாஜிஸ்திரேட், சிறப்பு நீதிமன்றம், மனநல ஆலோசகர், சட்டப்பணிகள் ஆணைக்குழு, பள்ளிக்கூடம் என்று எண்ணினால் எட்டு இடம் வருகிறது. எட்டும் வெவ்வேறு துறைகளின் கீழ் இருப்பவை. ஒரு இடத்தில் நடப்பது இன்னொரு இடத்துக்குத் தெரியாவிட்டால், நடந்ததைக் குழந்தைதான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்கச் சட்டம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது, குடும்பம் எதைக் கேட்டு வாங்கலாம் என்று பார்ப்போம்.

யாரிடம் முதலில் சொல்வது?

1098-க்கு போன் செய்யலாம். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் இது. 1996-ல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன் சேவை, 2023 முதல் நேரடியாக அரசின் கையில் இருக்கிறது. 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் உள்ள காவல் நிலையத்துக்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ நேராகவும் போகலாம். சம்பவம் வேறு ஊரில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் போட்டு, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றலாம். சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கையில் கொடுத்து, "விசாரிச்சுட்டு சொல்றோம்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். எஃப்ஐஆர் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டப்படி, 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைதான். ஆண் பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது தனிக் குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்று பேசித் தீர்க்கப் பார்க்கும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

முதல் 24 மணி நேரம்

வாக்குமூலம் வாங்கக் குழந்தையை ஸ்டேஷனுக்கு அழைக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தையின் வீட்டிலோ குழந்தை சொல்லும் வேறு இடத்திலோ வாங்கலாம். கூடியவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல். பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்க வேண்டும். ராத்திரி நேரத்தில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது.

இதே 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இன்னொரு வேலையையும் முடிக்க வேண்டும். மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் அனுப்ப வேண்டும். குடும்பங்கள் பெரும்பாலும் கேட்காமல் விடுவது இதைத்தான். எஃப்ஐஆர் போட்டாச்சு, ஆளைப் பிடிச்சாச்சு என்றதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். நலக் குழுவுக்குத் தகவல் போகவில்லை என்றால் ஆலோசகர், உடனடிப் பண உதவி, படிப்பு, தங்கும் இடம் எதுவுமே நகராது. "சிடபிள்யூசிக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டீங்களா?" என்று விசாரணை அதிகாரியிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் நேரம்தான் முக்கியம்

எஃப்ஐஆர் போடும்வரை காத்திருக்க வேண்டாம். புகார் பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். "போலீஸ் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று எந்த டாக்டரும் அவசர சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. தனியார் ஆஸ்பத்திரி உட்பட எங்கும் முதல் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடலில் தடயம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 96 மணி நேரத்துக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். குழந்தையின் உடையைத் துவைக்காமல் பேப்பர் கவரில் போட்டு எடுத்துப் போனால் உதவியாக இருக்கும். பல நாள் கழித்துத் தெரிய வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதில் பயனில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொற்று, கர்ப்பம், மனநிலை எல்லாவற்றுக்கும் சிகிச்சை தேவை.

பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். 'இரு விரல் பரிசோதனை'யை சுப்ரீம் கோர்ட் 2013-லேயே கண்டித்தது. 2022-ல், இனி அதைச் செய்பவர் நடத்தை விதிமீறல் செய்தவராகக் கருதப்படுவார் என்றது.

நடுவில் நிற்கும் குழந்தைகள் நலக் குழு

ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு இது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இதற்கு உண்டு. குற்றவாளிக்குத் தண்டனை கொடுப்பது இதன் வேலை இல்லை. குழந்தை எங்கே இருக்கும், யார் கூட இருப்பார், சிகிச்சையும் படிப்பும் எப்படித் தொடரும் என்பதை முடிவு செய்வதுதான் வேலை. களத்தில் இறங்கிச் செய்ய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது.

நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று: போக்சோ வழக்கு என்றாலே குழந்தையை நலக் குழு முன் நேரில் நிறுத்த வேண்டும் என்பதில்லை. கொடுமை செய்தவர் அதே வீட்டில் இருப்பவர் என்றாலோ, குழந்தை ஹோமில் இருந்தாலோ, ஆதரவின்றி இருந்தாலோதான் 24 மணி நேரத்துக்குள் நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்கின்றன 2020 போக்சோ விதிகள். பாதுகாப்பான குடும்பம் இருக்கிற குழந்தைக்கு அறிக்கை மட்டும் போனால் போதும். எல்லாக் குழந்தைகளையும் வரிசையில் உட்கார வைப்பது சட்டம் கேட்காத அலைச்சல்.

கொடுமை செய்தவர் அப்பா, மாமா, சித்தப்பா என்று வீட்டுக்குள்ளேயே இருக்கும்போதுதான் முடிவெடுப்பது கஷ்டம். குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டுமா என்று நலக் குழு மூன்று நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். தப்பு செய்தவர் வீட்டில் ஜம்மென்று இருக்க, பிள்ளை மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு ஹோமுக்குப் போனால், அந்தப் பிள்ளைக்கு அது தண்டனை மாதிரிதான் தெரியும். பாட்டி வீடோ பெரியம்மா வீடோ பாதுகாப்பாக இருக்குமா என்று பார்த்துவிட்டு, ஹோமைக் கடைசி வழியாக வைப்பதே நல்லது.

ஆதரவு நபர்: கேட்டு வாங்க வேண்டிய உரிமை

எட்டு இடத்தையும் ஒருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால், அவர் இவர்தான். ஆங்கிலத்தில் சப்போர்ட் பெர்சன் என்று சொல்வார்கள். குழந்தை, பெற்றோர் சம்மதத்தோடு நலக் குழு நியமிக்கும். வாக்குமூலம் வாங்கும்போது, ஆஸ்பத்திரியில், கோர்ட்டில் எல்லாம் குழந்தையுடன் இருப்பார். கேஸ் எந்த நிலையில் இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கிடைத்ததா என்பதைக் குடும்பத்துக்குச் சொல்வார். விசாரணை முடியும்வரை மாதம் ஒரு அறிக்கை நலக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும்: குழந்தை தூங்குகிறதா, சாப்பிடுகிறதா, பள்ளிக்குப் போகிறதா, வீட்டில் நிலைமை எப்படி? பள்ளி மாற்ற வேண்டியிருந்தால் அதற்கு நலக் குழு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இவரைப் பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்லலாம். குழந்தை அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. விதியில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், ஆதரவு நபர் தேவையா என்பதைப் பெற்றோரின் இஷ்டத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது, இப்படி ஒருவரைக் கேட்க உரிமை இருக்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லியாக வேண்டும் என்றது. அவர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. வருடக்கணக்கில் ஒரு பிள்ளையோடு நடக்க வேண்டிய வேலையை பஸ் காசுக்கு யாரும் செய்ய மாட்டார்கள். உங்கள் குழந்தையின் வழக்கில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை என்றால், நலக் குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தே கேட்கலாம்.

எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்குமா?

குழந்தை அலுவலகங்களைத் தேடி அலைவதற்குப் பதில், அலுவலர்கள் குழந்தை இருக்கும் இடத்துக்கு வரட்டும் என்ற யோசனை 1985-ல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் செயலுக்கு வந்தது. ஐஸ்லாந்து 1998-ல் 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் இதையே செய்தது. இந்தியாவில் ஹைதராபாத் போலீஸ் 2016-ல் தொடங்கிய 'பரோசா' மையம் இந்த வகை. போலீஸ், மருத்துவ உதவி, சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை உதாரணமாகக் காட்டி, மாவட்டத்துக்கு ஒரு மையமாவது வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உள்ளன. 181 எண்ணில் கேட்டால் உங்கள் மாவட்ட மையத்தைச் சொல்வார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண் குழந்தைகளும் அங்கே உதவி பெறலாம். ஆண் பிள்ளைகளுக்கு 1098, நலக் குழு வழியாகத்தான் போக வேண்டும்.

பணத்துக்காகச் சுரண்டப்படும் குழந்தைகள்

லாட்ஜிலோ விபசார விடுதியிலோ மீட்கப்படும் சிறுமியை 'தப்பான பொண்ணு' என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை; பணம் கைமாறியிருந்தாலும் அவர் பாதிக்கப்பட்டவர். இப்படி மீட்கப்படும் சிறாரைக் குழந்தைகள் நலக் குழுவிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2002-ல், பிரேரணா அமைப்பு தொடர்ந்த வழக்கில் சொன்னது.

இங்கே ஒருங்கிணைப்பு இன்னும் சிக்கலாகிறது. குழந்தை வேறு மாநிலம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சொந்த ஊர் மாவட்ட அலுவலர்கள் வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும், ஏனென்றால் விற்றதே வீட்டில் ஒருவராக இருக்கலாம். அவசரப்பட்டு ரயில் ஏற்றி அனுப்பினால் அதே ஏஜென்ட் கையில் திரும்பப் போய்ச் சேரும் ஆபத்து உண்டு. லாட்ஜ், ஹோட்டல், ஸ்டூடியோ நடத்துபவர்கள் சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்வது சட்டக் கடமை.

ஆன்லைனில் படம், வீடியோ பரவினால் தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் செய்யலாம். சாட்சிக்காக என்று சொல்லி அந்த வீடியோவை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். லிங்க், ஐடி, தேதியைக் குறித்துக்கொண்டு போலீசிடம் கொடுங்கள். இப்படிப்பட்ட படங்களை வெறுமனே பார்ப்பது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது.

கோர்ட்டும் இழப்பீடும்

குற்றம் சாட்டப்பட்டவரைக் குழந்தை நேருக்கு நேர் பார்க்கும்படி வைக்கக் கூடாது. வக்கீல்கள் கேள்விகளை நீதிபதியிடம் கொடுத்து, அவர் மூலமாகத்தான் கேட்க வேண்டும். வழக்கைக் கோர்ட் எடுத்துக்கொண்ட 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் இதைத் தாண்டி இழுக்கின்றன. குடும்பம் சோர்ந்துபோய் 'சமாதானம்' பேச வருபவரிடம் பணிந்துவிடுவதும் அப்போதுதான். இரு தரப்பும் சமாதானம் ஆகிவிட்டது என்பதற்காக இப்படிப்பட்ட வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் கடுதாசிக்கு மதிப்பில்லை.

பணத்துக்கு இரண்டு வழி. சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்கு நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். பெரிய இழப்பீட்டைச் சிறப்பு நீதிமன்றம் முடிவு செய்யும். தீர்ப்புவரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018 திட்டத்தில் பாலியல் வன்புணர்வுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை என்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் அதில் 50 சதவீதம் கூடும். குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், விடுதலையே ஆனாலும், குழந்தைக்குப் பாதிப்பு நடந்தது என்று கோர்ட் கருதினால் இழப்பீடு உண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், செலவில்லை.

அக்கம்பக்கம், பள்ளி என்ன செய்யலாம்?

கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் இருக்கின்றன. பள்ளிக்கு வராத பிள்ளை, திடீரென்று புது போனோடு திரியும் பிள்ளை, யாரோ அடிக்கடி வண்டியில் கூட்டிப்போகும் பிள்ளை என்று முதலில் கவனிக்கக் கூடியவர்கள் அங்கன்வாடி ஊழியரும் டீச்சரும்தான். சந்தேகத்தை 1098-ல் சொன்னால் போதும். விசாரித்து உறுதி செய்வது அவர்கள் வேலை இல்லை. ஒரு குறிப்பிட்ட குழந்தையின் வழக்கைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுவது, எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும், ஊருக்கே மைக் போட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

குழந்தை டீச்சரிடம் சொல்ல வந்தால் நடுவில் மறிக்காமல் கேட்டு, அது சொன்ன வார்த்தைகளையே தேதியோடு எழுதி வையுங்கள். தலைமை ஆசிரியர் முன் ஒருமுறை, தாளாளர் முன் ஒருமுறை என்று திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்து கொடுக்காதீர்கள். யாரிடம் சொல்லப் போகிறீர்கள், ஏன் என்று குழந்தைக்கே முதலில் சொல்லிவிடுங்கள்.