போர்க்காலத் தூத்துக்குடிக் கடற்கரை

போர்க்காலத் தூத்துக்குடிக் கடற்கரை (1939–1945): இரண்டாம் உலகப் போரின்போது, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த இத்துறைமுகப் பகுதியில் நிலவிய மக்கள் வாழ்க்கையைக் குறிக்கும்.

1942இல் பர்மாவை ஜப்பான் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. சென்னை மாகாணமெங்கும் தட்டுப்பாடு பரவ, ரேஷன் முறை வந்தது. அரிசி, மண்ணெண்ணெய், துணி எல்லாம் அரிதாயின. 1942 ஏப்ரல் 5 அன்று, தூத்துக்குடித் தோணிகளின் வாணிகத் துறையான கொழும்பு குண்டுவீச்சுக்கு உள்ளானது.

அதே ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் இக்கரையிலும் மூண்டது. செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. பசியும் விடுதலை வேட்கையும் ஒருசேர எழுந்த காலம் இது.