சாகாவரம் தேடிய சீமாட்டி

பொன்னாசையும் உயிராசையும் மனித குலத்தைப் பற்றிய பழம் பிணிகள். பெருஞ் செல்வம் படைத்தவரும் இரசவாதத்தை நாடி அலைவதையும், நெடுங்காலம் வாழ்ந்தவரும் மேலும் வாழக் காயகற்பம் தேடுவதையும் கண்டு இரங்கியவர் தாயுமான சுவாமிகள். அவர் வாழ்ந்த அதே 18ஆம் நூற்றாண்டிலே, பிரான்சு தேசத்தின் தலைநகராகிய பாரிஸிலே, இவ்விரண்டு ஆசைகளுக்கும் ஒருங்கே இரையான பிரபுகுலப் பெண்மணி ஒருவர் இருந்தார். துர்ஃபே சீமாட்டி என்பது அவர் பெயர்.

அவருடைய வரலாறு ஐரோப்பாவில் ஒரு நகைச்சுவைக் கதையாகவே பெரிதும் பேசப்பட்டு வந்தது. பேராசை கொண்ட கிழவி, அவளை ஏய்த்த எத்தன் என்பதே அக்கதையின் சுருக்கம். ஆனால், ஆராய்ந்து நோக்குவார்க்கு அதில் நகைப்பதற்கு இருப்பதிலும் சிந்திப்பதற்கு இருப்பதே அதிகம். மூடர் ஏமாறுவது உலக வழக்கு. கற்றோர் ஏமாறுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு அச்சீமாட்டியின் வாழ்க்கை தெளிவான விடை தருகின்றது.

குலமும் கல்வியும்

இவ்வம்மையார் 1705ஆம் ஆண்டிலே பிறந்தவர். ஜான் கமுஸ் தெ பொன்கார்ரே என்பது பிறந்தவீட்டுப் பெயர். தந்தையார் ரூவான் நகர உயர் நீதிமன்றத்தின் தலைவராய் இருந்தவர். 1724இல் துர்ஃபே குலத்துப் பிரபு ஒருவருக்கு இவர் மனைவியானார். பத்து ஆண்டுகளில், 1734இல், கைம்பெண்ணானார்.

துர்ஃபே குலம் கல்விக்குப் பேர்போன குலம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரான்சு முழுவதும் விரும்பிப் படித்த 'ஆஸ்த்ரே' என்னும் நெடுங்கதையை எழுதிய ஒனோரே துர்ஃபே அக்குலத்தவரே. அவருடைய பாட்டனாராகிய குளோட் துர்ஃபே திரட்டிய ஏட்டுச் சுவடிகளும் நூல்களும் அந்நாளிலேயே புகழ் பெற்றவை. இவ்வாறு கல்விச் செல்வமும் பொருட் செல்வமும் நிறைந்த வீட்டிலே, கணவனை இழந்த அம்மையார் தம் தனிமையைப் போக்க நூல்களை நாடினார். அவர் நாடிய நூல்கள் இரசவாத நூல்களும் மாந்திரீக நூல்களுமே.

வெறும் ஏட்டுப் படிப்போடு அவர் நின்றாரல்லர். தம் மாளிகையிலே ஓர் ஆய்வறை அமைத்தார். அங்கே ஓர் உலையில் தீ அணையாமல் 15 ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்ததாம். உலோகங்களைப் பொன்னாக்கும் பொடி அதிலே பக்குவமாகி வருகின்றது என்பது அவர் நம்பிக்கை. ஐரோப்பிய அறிஞர்கள் அப்பொழுதுதான் ஆராயத் தொடங்கியிருந்த பிளாற்றினம் என்னும் புதிய உலோகமும் அவரிடம் இருந்தது. அதனை அரசநீரிலே கரைக்கலாம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். இத்தகைய ஒருவரை அறிவிலி என்று தள்ளிவிடல் நியாயமன்று.

இரசவாதத்தை நம்பியவர் அவர் ஒருவர் மாத்திரமுமல்லர். புவியீர்ப்பு விதியை உலகிற்கு அளித்த நியூற்றன் என்னும் பேரறிஞரும் அத்துறையிலே பல்லாண்டு உழைத்தவரே. அவர் எழுதி வைத்த இரசவாதக் குறிப்புக்கள் 1936இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்தபொழுது உலகம் வியந்தது. தனிமங்கள் யாவை என இலவோசியர் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்துக் காட்டியது 1789ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் வாழ்ந்தோர் ஈயம் பொன்னாகும் என எண்ணியதிலே பெரும் பிழை காண்பதற்கில்லை. அம்மையாரின் பிழை வேறு.

வந்தான் ஒரு விருந்தினன்

அவர் மாளிகையிலே விருந்துண்டவர்களுள் சென் ஜேர்மன் பிரபு என்பவர் ஒருவர். பல நூறு ஆண்டுகளாகத் தாம் வாழ்ந்து வருவதாகப் பிறர் நம்பும்படி பேசுவதில் அவர் வல்லவர். விருந்து மேசையில் அமர்ந்து யாதும் உண்ணாமல் உரையாடிக்கொண்டிருப்பாராம். இறவாதவர் எனப்பட்ட அவரும் 1784ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 27ஆந் தேதி எக்கர்ன்பேர்டே என்னும் ஊரிலே இறந்து அடக்கம் செய்யப்பட்டார்.

எனினும் அம்மையாரைக் கவிழ்த்தவன் அவரல்லன். வெனிஸ் நகரத்தவனாகிய கசனோவா என்பவன். வெனிஸின் சிறைக்கூடத்திலிருந்து 1756இல் தப்பியோடி, 1757இன் தொடக்கத்திலே பாரிஸை அடைந்தவன் அவன். அம்மையாரின் உறவினரான இளம் பிரபு ஒருவர் கால் நரம்பு வலியால் வருந்தினார். வெடியுப்பு, கந்தகம், பாதரசம் முதலியவற்றைக் குழைத்து, அவர் தொடையிலே நட்சத்திர வடிவம் ஒன்றை வரைந்து, மந்திரம் போன்ற சொற்களையும் முணுமுணுத்தான் கசனோவா. விளையாட்டாகச் செய்த அச்செயலின் பின் வலி நீங்கிற்று. நோய் நீங்கிய பிரபு அவனைச் சீமாட்டியிடம் அழைத்துச் சென்றார்.

அம்மையார் இரகசிய எழுத்திலே அமைந்த சுவடி ஒன்றை அவனிடம் கொடுத்தார். அதன் திறவுகோற்சொல் தமக்கு மாத்திரமே தெரியும் என்பது அவர் எண்ணம். கசனோவா கணக்கிலே கெட்டிக்காரன். சில வாரங்களில் அச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டான். நேபுகாத்நேச்சார் என்னும் பாபிலோனிய மன்னனின் பெயரே அது. தன் கணக்கறிவினால் கண்டதாக அவன் சொல்லியிருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும். ஒரு தேவதை தன் செவியில் ஓதியதாக அவன் சொன்னான். அன்றே அம்மையாரின் உள்ளம் அவனுக்கு அடிமையாயிற்று. அவ்வதிகாரத்தைத் தான் தவறாகப் பயன்படுத்தியதை நினைக்குந்தோறும் வெட்கமும் துயரமும் அடைவதாக அவனே பிற்காலத்தில் எழுதியுள்ளான்.

மறுபிறவிச் சடங்கு

அம்மையாரின் பேரவா யாது? பொன்னன்று, பொன் அவரிடம் போதிய அளவு இருந்தது. தேவதைகளோடு உரையாடி மேலான ஞானம் பெறுதல் பெண்பிறவிக்கு இயலாது, ஆண்பிறவிக்கே இயலும் என்று அவர் உறுதியாய் நம்பினார். ஆதலின், தம் உயிர் ஓர் ஆண்குழந்தையின் உடலிற் புகுந்து, இப்பிறவியின் நினைவோடு மீண்டும் வளரவேண்டும் என்பதே அவர் வேண்டிய வரம். அதனை நிறைவேற்றும் வல்லமை தனக்குண்டு என நடித்தான் கசனோவா.

1762இலே முதல் முயற்சி நடைபெற்றது. கோர்ட்டிசெல்லி என்னும் ஆடற்பெண்ணைப் பெருங்குலக் கன்னியாக வேடமிடுவித்தான். அம்முயற்சி பயன்படவில்லை. பின்னர் ஆகன் நகரிலே சந்திரனுக்குக் கடிதம் எழுதும் சடங்கு நடைபெற்றது. கடிதத்தை எரித்தபின், பச்சைத் தாளிலே வெள்ளி எழுத்துக்களால் எழுதிய விடை குளியல்தொட்டி நீரிலே மிதந்ததாம்! மறுஆண்டு மார்செயில்ஸ் துறைமுகத்திலே காரியம் கைகூடும் என்பது அவ்விடையின் கருத்து.

1763இல் மார்செயில்ஸிலே ஏழு கிரகங்களுக்கும் காணிக்கையாகப் பொன், வெள்ளி முதலிய ஏழு உலோகங்களும் மணிகளும் ஒரு பெட்டியில் இட்டு முத்திரையிடப்பட்டன. பெட்டி கடலிலே எறியப்பட்டது. கடலுள் ஆழ்ந்தது ஈயம். காணிக்கை கசனோவாவின் கையிலே தங்கிவிட்டது. சடங்கின் ஏனைய விவரங்கள் இம்மலரிலே எழுதத் தக்கனவல்ல. அதன் முடிவிலே, 58 வயதான அம்மையார், தாமே தம் வயிற்றில் ஆண்மகவாய்த் தரித்துவிட்டதாக நம்பி மகிழ்ந்தார். பிறக்கப்போகும் தமக்கே தம் சொத்தை எழுதி வைப்பது எப்படி என்றும் ஆலோசித்தார்.

உண்மை சொன்னவர் இருவர்

இவ்வரலாற்றிலே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மையாரிடம் உண்மையைச் சொன்னவர் இல்லாமற் போகவில்லை. ஆகன் நகரிலே, கசனோவாவோடு பூசலிட்ட ஆடற்பெண், தன் வேடம் முழுவதையும் அம்மையாரிடம் உடைத்துச் சொன்னாள். மார்செயில்ஸிலே, அவனுக்கு உதவியாளனாக இருந்த பசானோ என்பவன், பங்கு கிடையாத கோபத்தினால் நீண்ட கடிதம் எழுதி எல்லாவற்றையும் வெளிப்படுத்தினான். இருவர் சொல்லும் ஏறவில்லை.

காரணம் யாது? கசனோவா முந்திக்கொண்டான். "அப்பெண்ணைத் தீய தேவதை பற்றிக்கொண்டது, இனி அவள் பிதற்றுவாள்" எனத் தன் எண்சோதிடத்தின் வாயிலாக முன்னரே அறிவித்திருந்தான். ஆகவே அவள் உண்மையைச் சொன்னபொழுது, சோதிடம் பலித்ததென்றே அம்மையார் வியந்தார். பொய்யை உடைக்க வந்த சான்று பொய்க்கே சாட்சியாகிவிட்டது.

நண்பர்களே, கற்றோர் ஏமாறும் வழி இதுவே. பலித்தால் மந்திரத்தின் பெருமை. பலியாவிட்டால் சடங்கிலே குறை. குறை சொல்பவனோ பகைவன் என்று ஒரு கொள்கை அமைந்துவிட்டால், அதனைப் பொய்யென்று காட்ட எவராலும் இயலாது. கல்வி மிகுந்தவர் அக்கொள்கைக்குக் காரணம் கற்பிப்பதிலும் வல்லவராதலின், அவர் விழும் குழி ஆழமானது. தான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் சீமாட்டி நம்பியிருக்கமாட்டார் என்று கசனோவா தன் செயலுக்குச் சமாதானம் சொல்லுகின்றான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், நோயாளி மருந்தை மறுப்பான் என்பதற்காக நஞ்சை ஊட்டலாமா?

நூல் கொன்றது, காலம் காத்தது

இவ்வரலாற்றின் பெரும்பகுதியை நாம் அறிவது கசனோவா எழுதிய சுயசரிதையினால். பொஹீமியாவிலுள்ள டுக்ஸ் மாளிகையிலே நூலகக் காவலனாய் இருந்த முதுமைக் காலத்தில் அவன் அதனை எழுதினான். 1798இல் அங்கேயே இறந்தான். அவன் கைப்பட எழுதிய ஏடுகளைப் பிரான்சின் தேசிய நூலகம் 2010இல் பெற்றுக்கொண்டது.

அந்நூலிலே அம்மையார் 1763இலேயே இறந்துவிட்டார் என அவன் எழுதினான். உண்மையில் அவர் 1775ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வரை வாழ்ந்தார். இறவாமையை வேண்டிப் பொருள் கொடுத்தவரை, அப்பொருளை வாங்கியவனே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாகத் தன் ஏட்டிலே கொன்றுவிட்டான்! ஒருவர் வாக்கை மாத்திரம் கொண்டு சரித்திரம் எழுதலாகாது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

உலையிலே எரிந்த தீயின் கதி என்ன? ஈயத்தின் அணுக்கருவிலே 82 புரோத்தன்கள் உள. பொன்னின் அணுக்கருவிலே 79. எத்துணைக் காலம் எரித்தாலும் உலைத் தீ அணுக்கருவைத் தீண்டாது. 1980இல் கலிபோர்னியாவிலே சீபோர்க் என்னும் விஞ்ஞானியும் துணைவர்களும் பெரும் பொறிகொண்டு பிசுமது என்னும் உலோகத்தின் சில அணுக்களைப் பொன்னாக்கினர். கண்ணுக்குத் தெரியாத அப்பொன்னுக்கு ஆன செலவு அதன் விலையிலும் எத்தனையோ மடங்கு.

பெண்பிறவி இழிவோ?

இனி, அம்மையாரின் துயரத்துக்கு மூலகாரணத்தை நோக்குவோம். ஞானத்துக்குப் பெண்பிறவி தடை என்னும் எண்ணத்தை அவருக்கு ஊட்டியது கசனோவா அல்லன். அவர் வாழ்ந்த சமுதாயம். கல்லூரிகளும் அறிவியற் கழகங்களும் பெண்ணுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. அடைத்த கதவைத் திறக்க அவர் தேடிய சாவி ஆணாய்ப் பிறத்தல்.

ஆயினும், அவர் பிறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1706இல், அதே நாட்டில் எமிலி து ஷத்தலே என்னும் பிரபுகுலப் பெண்மணி பிறந்தார். நியூற்றனின் பெருநூலை அவர் பிரெஞ்சு மொழியிலே பெயர்த்து விளக்கமும் எழுதினார். அப்பணியை முடித்து, 1749இல், மகப்பேற்றின் பின் இறந்தார். நூல் முழுமையாக வெளிவந்தது 1759இல். 43 ஆண்டுகூட நிறையாத அவ்வாழ்வின் பயனை இன்றும் அறிஞர் போற்றுகின்றனர். பெண்பிறவி அவருக்குத் தடையாகவில்லை.

நம் சைவ மரபிலே இதற்கு விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. காரைக்காலம்மையார் உடலழகை உதறினார். ஆணாக வேண்டும் என வேண்டினாரல்லர். இறைவனே "அம்மையே" என்றழைக்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. திருமூலரும் இரசவாதத்தைப் பேசுகின்றார். ஆனால், குருவின் திருவருள் ஆன்மாவின் மலத்தை நீக்கும் என்பதற்கு உவமையாகவே பேசுகின்றார். மேலும், மீண்டும் பிறத்தலை நம் முன்னோர் வரமாகக் கேட்கவில்லை. அதனின்றும் விடுதலையையே கேட்டனர். துர்ஃபே அம்மையார் பெருநிதி கொடுத்து வாங்க முயன்றது எதுவோ, அதனை அகற்றுமாறே நம் அடியார்கள் கண்ணீர் மல்கி நின்றனர்.

இத்தகைய பெருஞ்செல்வத்தை உடைய நம்மவருள்ளும் பொன் இரட்டிப்போர் வாயிலிலும், நோய் தீர்க்கும் தகடு விற்போர் முன்றிலிலும் காத்து நிற்போர் இருக்கின்றனர். அவர்களுட் படித்தோரும் உளர் என்பது வெட்கத்துக்குரியது. இளைஞர்களே! ஒருவர் தெய்வத்தின் பெயரால் உங்களிடம் பொருள் கேட்டால், "இது பொய்யாயின் அதனை நான் அறியும் வழி யாது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை சொல்லாமற் சினப்பவரை விட்டு விலகுங்கள். பெரியோர்களே! உங்கள் வீட்டுப் பெண்மக்களுக்குக் கல்வியின் கதவை அகலத் திறந்துவிடுங்கள். அக்கதவு திறந்திருந்தால், மாந்திரீகனின் கொல்லைக் கதவைத் தட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு நேராது.