ஒரு வீட்டுக்கு இரண்டு பெயர்

ரவுட்டர் மாட்ட வந்த பையன் எங்கள் வைஃபைக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டுப் போனான். ஒன்று வெறும் பெயர், இன்னொன்றின் வாலில் '5ஜி'. செல்போன் 5ஜி என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டது தனிக்கதை. செல்போன் 5ஜி இந்தியாவுக்கு வந்ததே 2022 அக்டோபரில்தான். ரவுட்டரில் இந்த வால் அதற்கும் முந்தியது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள், அவ்வளவே.

வால் எங்கிருந்து முளைத்தது என்று பார்த்தால் கதை பின்னோக்கிப் போகிறது. நம் தாத்தாக்கள் ரேடியோப் பெட்டிக்கு லைசென்ஸ் புத்தகம் வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டியது நினைவிருக்கிறதா? 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி அனுமதியில்லாமல் கருவியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ரேடியோவுக்கு அந்தத் தொல்லை 1980களின் நடுவில் ஒழிந்தது. ஆனால் சட்டம் அப்படியே இருந்தது.

அமெரிக்காவில் 1985-இல் ஒரு காரியம் செய்தார்கள். மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை இரைச்சல் போடும் சில அலைவரிசைகளை, லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் தகவல் அனுப்பப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். புறம்போக்கு நிலம் மாதிரி. 2.4 கிகாஹெர்ட்ஸும் அதில் ஒன்று. 1997-இல் முதல் வைஃபை தரம், வேகம் 2 மெகாபிட். 1999-இல் ஒரே வருஷத்தில் இரண்டு தரங்கள்: 2.4-இல் 11 மெகாபிட் தரும் 802.11பி, 5-இல் 54 மெகாபிட் தரும் 802.11ஏ. வேகமானது தோற்றது, மலிவானது ஜெயித்தது. 5-க்கான சில்லு தாமதமாக, விலை கூடுதலாக வந்தது. சுவரைத் தாண்டுவதிலும் அது பலவீனம்.

நம்மூரில் 2005 ஜனவரியில்தான் 2.4-க்கு லைசென்ஸ் வேண்டாம் என்ற விதி வந்தது, அதே 1933 சட்டத்தின் கீழ். 5-க்கு அப்போது கட்டடத்துக்குள் மட்டும் இடம் கொடுத்தார்கள். வெளியிலும் சேர்த்து 605 மெகாஹெர்ட்ஸைத் தாராளமாகத் திறந்தது 2018 அக்டோபரில். 2.4-இல் மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ்; ஒன்றோடொன்று உரசாத சேனல் மூன்றுதான். ஐம்பது வீடு உள்ள அபார்ட்மென்ட்டில் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

2009 வாக்கில் இரண்டு ரேடியோவும் ஒரே பெட்டியில் சேர்ந்து ஓட ஆரம்பித்தன. எதில் சேருவது என்று முடிவெடுப்பது ரவுட்டர் அல்ல, போன். பழைய போன்கள் சிக்னல் கோடு அதிகம் தெரியும் 2.4-ஐயே பிடித்துக்கொண்டன. அதனால் ஆளே தேர்ந்தெடுக்கட்டும் என்று இரண்டு பெயர் வைக்கும் பழக்கம் வந்தது.

அதில்தான் நாங்கள் மாட்டினோம். ஞாயிறு காலை ஊரிலிருக்கும் அம்மாவோடு வீடியோ கால். பையன் போனோடு ஹாலிலிருந்து கடைசி அறைக்கு நடந்தால் பாட்டி உறைந்துவிடுவார். இரண்டு பெயர் என்றால் போனுக்கு அவை இரண்டு வெவ்வேறு நெட்வொர்க்; 5 அநேகமாகச் சாகும்வரை விடாது, விட்டபிறகு புதிதாகச் சேர வேண்டும், அதற்குள் கால் அறுந்துவிடும். "என்னப்பா, பாதிப் பேச்சுல போயிட்டான்?" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்டார்.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை என்று மாற்றினேன். இப்போது பெரும்பாலும் சத்தமில்லாமல் தாவுகிறது. பழைய பிரிண்டர் மட்டும் 2.4 தவிர எதுவும் அறியாதது. அது சண்டித்தனம் செய்தால் விருந்தினர் நெட்வொர்க்கை 2.4-இல் மட்டும் வைத்து அதில் சேர்த்துவிடலாம்.

பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு: இடம் 32 பைட்தான். யூனிகோடில் நம் எழுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனியாக மூன்று. 'தமிழ் வீடு' 28 பைட். இடிக்காமல் உட்கார்ந்தது.