கேசவதாசபுரம் முதல் வெஞ்ஞாறமூடு வரை: சந்திப்புப் பெயர்களில் ஒரு நிலவரலாறு

கேரளத்தின் முதலாம் எண் மாநில நெடுஞ்சாலையை மக்கள் எம்.சி. ரோடு என்பர், மெயின் சென்ட்ரல் ரோடு என்பதன் சுருக்கம் அது. திருவனந்தபுரத்தின் கேசவதாசபுரத்தில் தொடங்கி, சுமார் 240 கி.மீ. கடந்து அங்கமாலியில் முடிகிறது. கொல்லம் செல்லும் பழைய சாலை உள்ளூர், ஸ்ரீகாரியம் வழியே பிரிய, இச்சாலை புறநகரின் மேட்டுநிலத்தை நோக்கி வடக்கே ஏறுகிறது.

தொடக்கப்புள்ளி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசின் பெயரைத் தாங்கியது. அதற்கு அப்பால் வரும் பெயர்களில் அரசனும் இல்லை, அமைச்சனும் இல்லை. பருத்திப்பாற, நாலாஞ்சிற, மண்ணந்தல, வட்டப்பாற, கன்யாகுளங்கர, வெஞ்ஞாறமூடு. பாறை, நீரைத் தடுக்கும் சிறை, தலை, குளக்கரை, மரத்தடி என்று நிலத்தின் உறுப்புகளே ஊர்ப்பெயர்களின் ஈறுகளாக நிற்கின்றன. கட்டடங்கள் நெருங்கிவிட்ட இன்றைய புறநகரில், பழைய நிலத்தோற்றத்தைச் சொல்லும் ஆவணமாக எஞ்சுபவை இப்பெயர்களே.

பாறை, பாற, சிறை, சிற, தலை, தல, கரை, கர. அருகிலுள்ள பேரூர்க்கடயையும் சேர்த்தால் கடை, கட. இந்த ஒழுங்கைக் கண்டதும், தமிழின் ஐகாரம் மலையாளத்தில் ‘சிதைந்தது’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் தெலுங்கிலும் ‘தல’தான், கன்னடத்தில் ‘தலெ’. நம் பேச்சுத்தமிழிலும் தலை பெரும்பாலும் ‘தல’ என்றே ஒலிக்கிறது. முறையாக நிகழும் ஒலிவேறுபாட்டுக்குச் சிதைவு என்று பெயரிடுவது மொழியியல் ஆகாது.

‘மூடு’ இதைவிடத் தெளிவான சான்று. தமிழ் மாணவர் பலர் அதை வினைச்சொல்லாகப் படித்துத் திகைப்பர். குமரி மாவட்டத்தார் திகைக்கமாட்டார்கள். மரத்தின் அடி அவர்களுக்கு மூடு, தென்னையை எண்ணுவதும் மூட்டுக் கணக்கில்தான். திருவனந்தபுரத்தில் புளிமூடு என்றால் குமரியில் ஆலமூடு. 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட மாநில எல்லை இச்சொல்லை வெட்டவில்லை. நகரத்து அம்பலமுக்கின் ‘முக்கு’, நாம் தெருமுக்கு என்கிறோமே, அதுவே. இதே சாலையில் வடக்கே கோட்டயம் பக்கம் சென்றால் சந்திப்பைக் ‘கவல’ என்பார்கள். அது கிளைவழியைக் குறிக்கும் நம் பழந்தமிழ்க் ‘கவலை’. நாம் மனவருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொண்ட சொல், அங்கே வழிப்போக்கர் வாயில் இன்னும் வாழ்கிறது.

நான் அஞ்சுவது வேறொன்று. இப்பெயர்களை இன்று நாம் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் வழியாகவே தமிழுக்குக் கொண்டுவருகிறோம். அவ்வெழுத்து குறில் நெடிலையோ, ரகர றகரத்தையோ காட்டாது. ஆகவே வட்டப்பாற ‘வட்டப்பாரா’ ஆகிறது. பேரூர்க்கட ‘பேரூர்கடா’ ஆகிறது. பாறையும் கடையும் அந்தக் கணமே மறைந்துவிடுகின்றன. அடுத்தடுத்து வாழும் இரண்டு மொழிகள் மூன்றாவதொரு எழுத்தின் வழியே ஒன்றையொன்று படித்து, அறிந்த சொல்லை அறியாததாக்கிக்கொள்கின்றன.

இடப்பெயர் ஆய்வில் இறங்கும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: கூகுள் வரைபடத்தின் ஆங்கில எழுத்திலிருந்து தொடங்காதீர்கள். மலையாள எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். சந்திப்பில் பேருந்தை விட்டு இறங்கி, அவ்வூர்ப் பெரியவர் அப்பெயரை எப்படி ஒலிக்கிறார் என்று கேளுங்கள். பாதிச் சொற்பிறப்பு அந்த ஒலிப்பிலேயே விளங்கிவிடும்.