மலையேறும் பழைய பொறி

சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் என்னும் அரசன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். அக்கதையைக் கேட்போர், பொறி வானத்தில் பறந்ததையே வியந்து பேசுவர். ஆனால் அரசி அதனை மேலே எழுப்பப் பழகியதோடு கீழே இறக்கவும் பழகினாள் என்பதைக் காவியம் மறவாமற் சொல்கிறது. ஏறத் தெரிந்த பொறிக்கு இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் மலைநாட்டிலே பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் புதிதாக அமைப்போருக்கு இதுவே முதற் பாடம்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலும், ஹட்டன் 4,000 அடிக்கு மேலும் உயர்ந்து நிற்பவை. சமவெளிக்கென்று செய்யப்பட்ட எந்தப் பொறியும் இங்கு வந்தால் தன் இயல்பைச் சிறிது மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். தேயிலையின் வரலாறே அப்படித் தொடங்கியது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், முதலில் தம் பங்களா விறாந்தையிலே மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். 1872இல் கொழுந்தை உருட்டும் இயந்திரம் ஒன்றைத் தாமே அமைத்தார். கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தேவைக்கு ஏற்ற பொறியை ஆக்குவது அன்றே இம்மலைகளில் வேரூன்றிவிட்டது.

மோட்டார் சைக்கிள் பின்னர் வந்தது. தோட்டத்துத் துரைமார் மலைக்கு மலை சென்று வேலை பார்க்க அதனைப் பயன்படுத்தினர். ஏற்றத்தில் யாருடைய வண்டி விரைவாக ஏறும் என்ற போட்டியும் எழுந்தது. நுவரெலியாவை அடுத்த மாகஸ்தோட்டையில் 1934ஆம் ஆண்டு மலையேற்ற ஓட்டம் ஆரம்பமாயிற்று. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து ஏறும் பாதையில் ஒவ்வொரு வண்டியாகப் புறப்படும், எதிராளி கடிகாரமே. இலங்கையின் மிகப் பழைய மோட்டார் விளையாட்டுகளுள் ஒன்றாகிய இது, நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலத்தோடு ஒன்றிப்போன விழாவாயிற்று.

வண்டிகள் இவ்வாறு பழகிவிட்டன. ஆயினும் புதிய வண்டி எப்போதும் கிடைத்ததில்லை. அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டால் 1960களில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் அந்த இறுக்கம் நீடித்தது. மறுபடியும் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. கடையில் புதியது இல்லாதபோது கொட்டிலில் துருப்பிடித்துக் கிடக்கும் பழையதே மூலதனம்.

பழைய வண்டி மறுபிறவி எடுக்க உதிரிப்பாகம் வேண்டும். இவ்விடத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955இல் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. முதலில் பாகங்களைத் தருவித்துப் பூட்டினர். பிறகு திருவொற்றியூரிலே அவற்றையே வார்த்துக் கடைந்து செய்தனர். 1970 அளவில் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்டது. சென்னையிலோ 350 சி.சி. புல்லட் தொடர்ந்து உருவாகியது. தாய்வீடு அழிந்த பின்னும் பிள்ளை வீட்டில் குலம் தழைத்தது போன்றது இது.

பழைய வண்டியை எவ்வாறு அமைக்கின்றனர்? அறிந்தவர் எஞ்சினில் கை வைப்பதில்லை. முதலில் சட்டத்தைப் பார்ப்பர். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல நூல் பிடித்து அறிவர். கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதியில் வெடிப்பு உண்டா என்று பெயின்றைச் சுரண்டிப் பார்ப்பர். அழகுக்காகச் சட்டத்தை வெட்டி ஒட்டுவோர் பலர். சரியாகப் பற்றவைக்காத ஒரு மூட்டு, வளைவில் உயிரையே வாங்கிவிடும்.

அடுத்தது மூச்சு. நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையிலிருப்பதைவிட ஆறில் ஒரு பங்களவு குறைவு. எஞ்சினுக்குள் காற்றுக் குறைந்தால் அதற்கேற்பப் பெற்றோலும் குறைய வேண்டும். இல்லையேல் கரும்புகை கக்கித் திணறும். ஆகவே கார்ப்புரேட்டரில் சிறிய துவாரமுள்ள ஜெட்டைப் பூட்டுகின்றனர். இழந்த வலிமையைப் பற்சக்கரத்தால் ஈடுசெய்கின்றனர். பின்சக்கரத்திலுள்ள 38 பற்களை 42 ஆக்கினால் இழுவை பத்தில் ஒரு பங்கு மிகும். உச்ச வேகம் ஏறத்தாழ அவ்வளவு குறையும். மலைப்பாதையில் அந்த வேகம் எவருக்கும் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது இறக்கம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால், டிரம் சூடேறிப் பிடிப்புத் தளரும். மழையும் மூடுபனியும் உள்ள நாட்டில் ஈரமும் அதற்குத் துணைபோகும். எனவே கியரைக் குறைத்து, எஞ்சினையே வண்டிக்குக் கடிவாளமாக்கி இறங்குவது இந்நாட்டு வழக்கம். இரு திறத்து வலிமையும் சமமாய் இருத்தல் வேண்டும்: எஞ்சினுக்கு ஒரு குதிரைச் சக்தி கூட்டினால் பிரேக்குக்கும் அவ்வளவு கவனம் கூட்டுக.

உலகில் இத்தகைய உழைப்புக்குப் பெயர்பெற்றவர் நியூசிலாந்தின் பேர்ட் மன்றோ. 1920இல் வாங்கிய இந்தியன் ஸ்கௌட் வண்டியைத் தம் கொட்டிலிலேயே பல்லாண்டு திருத்தினார். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். 1967இல், தமது 68ஆம் வயதில், அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓடி அவ்வகுப்பின் சாதனையை நிறுவினார். ஆனால் அவருக்கு முன்னே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. மலைநாட்டானுக்கோ அடுத்த வளைவின் அப்பால் பள்ளத்தாக்கு. அதன் கீழே கொழுந்துக் கூடையோடு பாதை கடக்கும் பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும்.

மாகஸ்தோட்டையின் கடிகாரம் ஏறியவனைத்தான் கணக்கிடும். கைதட்டலும் அவனுக்கே. ஆனால் மாலையில் அதே வண்டியை மெல்ல இறக்கி, லயத்து வாசலில் பத்திரமாக நிறுத்துகிறவனே பழைய பொறியை உண்மையில் புதிதாக்கியவன். விசயையும் அந்த இரண்டாம் பாடத்தைக் கற்றிருந்தாள். நாடிழந்த அன்றும் அவள் உயிரோடு தரையிறங்கினாள்.