வரலாற்றுப் பட்டப்படிப்பும் நெகிரி செம்பிலான் தோட்டப்புறமும்

மலேசியப் பல்கலைக்கழகங்களில் வரலாற்றை முதன்மைப் பாடமாகவோ துணைப் பாடமாகவோ பயிலும் வழக்கம் 1949 இல் தொடங்கியது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் அந்தப் படிப்புக்குள் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தனர்: ஆய்வுக்குரிய பொருளாக முதலில், மாணவராகப் பின்னர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறை இடைவெளி உண்டு. தோட்டத்து வரலாறு பாடத்திட்டத்தின் வாசல் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையவில்லை. பட்ட வகுப்பின் இறுதியாண்டில் மாணவர் எழுதிக் கொடுக்கும் ஆய்வேட்டின் வழியாகவே அது பெரும்பாலும் நுழைந்தது.

தோட்டமும் பள்ளியும்

நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங் பகுதியில் ஈயச் சுரங்கத்துக்கு அடுத்தபடியாகத் தலையெடுத்தது காப்பிப் பயிர். இலங்கையில் காப்பி நோயால் அழிந்த பிறகு மலாயா வந்த துரைமார்களுள் ஹில், ராத்போர்ன் என்னும் இருவர் இங்கே சாலை போடும் குத்தகைக்காரர்களாகவும் தோட்ட முதலாளிகளாகவும் இருந்தனர். ரந்தாவ் அருகிலுள்ள லின்சம் தோட்டம் அந்தக் காலத்தது. ராத்போர்ன் 1898 இல் வெளியிட்ட அனுபவ நூலைப் பிற்காலத்து மாணவர்கள் மூலச்சான்றாகப் பயன்படுத்தினர். 1891 இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1896 இல் நெகிரி செம்பிலான் கூட்டு மலாய் நாடுகளுள் ஒன்றானது. அடுத்த பத்தாண்டுகளில் ரப்பர் விலை ஏறவே லாபு, நீலாய், சிலியாவ், சுவா பெத்தோங், பகாவ், தம்பின் என்று காடுகள் பால்மரக் காடுகளாயின. ஆள் சேர்க்க 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டி வந்தது 1938 வரை நடந்தது.

1912 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. பல இடங்களில் அது ஒரு கொட்டகையும், கிராணியோ (தோட்ட எழுத்தரோ) கங்காணியோ பகுதி நேரமாகப் பார்த்த வாத்தியார் வேலையுமாக இருந்தது. இன்றும் மாநிலத்தில் சுமார் 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. லாடாங் கெடிஸ், லாடாங் பிராட்வால், லாடாங் ரெப்பா, லாடாங் செயின்ட் ஹெலியர் எனப் பலவற்றின் பெயரில் தோட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நேர்ப்பாதை கிடையாது. மேற்படிப்பு ஆங்கிலத்தில். சிரம்பானின் செயின்ட் பால் பள்ளியும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பள்ளியும் நகரத்தில் இருந்தன. அங்கு படித்த தமிழ்ப் பிள்ளைகளுள் அரசு எழுத்தர், ரயில்வே ஊழியர், தோட்டக் கிராணி ஆகியோரின் மக்களே மிகுதி. விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு வரிசைக்கு, போகும் பெற்றோரின் பிள்ளைக்கு நகரத்து ஆங்கிலப் பள்ளி எட்டாக் கனி. ஆகவே மலாயாவில் வரலாற்றுப் பட்டம் பெற்ற முதல் தமிழர்களைத் தோட்டத்தின் பிரதிநிதிகளாகக் கொள்ளுதல் தவறு.

பல்கலைக்கழகத்தில் வரலாறு

வரலாறு தனிப் பட்டப்படிப்பாக வளர்ந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை. ஆக்ஸ்ஃபோர்டில் அது 1872 இல் தனிப் பிரிவாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1914 இல் இந்திய வரலாற்றுக்குத் துறை அமைத்து எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்காரைப் பேராசிரியராக்கியது. மலாயாவுக்கு இது பிந்தியே வந்தது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. அடுத்த ஆண்டு வரலாற்றுப் பேராசிரியராக வந்தவர் சி.நார்த்கோட் பார்க்கின்சன். வேலை, கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும்படி விரியும் என்னும் 'பார்க்கின்சன் விதி'யை 1955 இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். 

அன்றைய கலைப் பட்டத்தில் மாணவர் மூன்று பாடங்களைப் படித்தனர். சிறப்புப் பட்டம் வேண்டியவர் நான்காம் ஆண்டில் ஒரே பாடத்தில் தங்கி ஓர் ஆய்வேடு எழுதினர். கோலாலம்பூர் வளாகம் 1959 இல் தொடங்கி, 1962 இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே வாங் குங்வூ வரலாற்றுத் துறைக்குத் தலைமை ஏற்றார். அவர் 1949 இல் சேர்ந்த முதல் மாணவர் அணியைச் சேர்ந்தவர். ஐரோப்பியர் கப்பலில் நின்று பார்த்த ஆசியாவை விட்டுவிட்டு, கரையில் நின்று பார்க்கும் வரலாறு எழுத வேண்டும் என்னும் குரல் அந்தக் காலத்தில் உரத்தது.

ஆனால் அந்தக் கரையில் தோட்டம் தெரியவில்லை. நெகிரி செம்பிலான் என்றதும் அறிஞர் மனத்தில் எழுந்தவை தாய்வழி உரிமை கொண்ட அடாட் பெர்பாத்தே மரபு, மினாங்கபாவ் குடியேற்றம், பங்கலான் கெம்பாஸ் கல்வெட்டு, லுக்குட் கோட்டை, சுங்கை ஊஜோங் தலைவர்களின் சண்டை ஆகியவை. வின்ஸ்டெட் 1934 இல் எழுதிய மாநில வரலாறும், கல்லிக் 1949 இல் எழுதிய சுங்கை ஊஜோங் கட்டுரையும் அந்தத் தடத்தில் நடப்பவை. கூ கே கிம் 1972 இல் வெளியிட்ட மேற்கு மலாய் நாடுகள் பற்றிய நூல் 1850 முதல் 1873 வரை பேசுகிறது. ரப்பர் வருவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. இவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் இவற்றை மட்டும் படித்த மாணவர், தமிழர் வாழ்ந்த தடமே இல்லாத ஒரு நெகிரி செம்பிலானைக் கற்றுக்கொண்டுதான் தேர்வு எழுதியிருப்பார்.

தமிழருக்கான இடம் இந்திய ஆய்வியல் துறையில் கிடைத்தது. அதுவும் சண்டையில்லாமல் கிடைக்கவில்லை. சோழர் வரலாற்றை எழுதிய கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி இத்துறை பற்றி ஆலோசனை வழங்க அழைக்கப்பட்டபோது சமஸ்கிருதத்தை முன்னிறுத்தினார். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ.சாரங்கபாணி அதை எதிர்த்துத் தமிழுக்காக வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். துறை 1956 இல் அமைந்தது, தமிழுக்கு இடம் கிடைத்தது. 1961 முதல் சேவியர் தனிநாயகம் அடிகள் அதன் தலைவராக இருந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது அவர் முயற்சியால்தான். ஆயினும் இந்திய ஆய்வியல் என்றால் சங்க இலக்கியம், சோழர் கடற்படை, இந்தியப் பண்பாடு என்பதே முதல் பொருள். லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்தவர் வரலாறு அங்கும் ஓரத்தில்தான் நின்றது.

விதிவிலக்கு சின்னப்பா அரசரத்தினம். யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்த இவர், இலங்கையில் டச்சு ஆட்சி பற்றி ஆய்ந்தவர். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1970 இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றி அவர் எழுதிய நூல் கையடக்கமானது, நிதானமானது. பட்டதாரி மாணவர் கையில் முதலில் கொடுக்கத்தக்க நூல் இன்றும் அதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சோழமண்டலக் கடற்கரை வணிகரைப் பற்றிய அவரது பெரிய ஆய்வுகளோடு ஒப்பிட்டால் அவரே இதைச் சிறு பணியாகக் கருதியிருக்கக்கூடும்.

தோட்டத்தை ஆழமாக எழுதியவர்கள் பலர் வரலாற்றுத் துறைக்கு வெளியே இருந்து வந்தனர். 1969 இல் இந்தியக் குடியேற்றம் பற்றி விரிவான நூல் தந்த கெர்னியல் சிங் சந்து புவியியலாளர். ஒரு தோட்டத்தில் தங்கி ஆய்ந்து, அதற்குப் 'பால் மெலாயு' என்று புனைபெயரிட்டு 1970 இல் நூல் வெளியிட்ட ரவீந்திர ஜெயின் மானிடவியலாளர். தோட்டங்கள் துண்டாடப்பட்டதை ஆராய்ந்த உங்கு அஜீஸ் பொருளியலாளர். நார்மன் பார்மர் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960 இல் ரப்பர்த் தொழிலாளர் கொள்கை பற்றி எழுதியது இந்த வரிசைக்குச் சற்று முந்தியது.

தோட்டத்து மாணவரின் ஆய்வேடு

1964 இல் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு கைவிடப்பட்டது. அதன்பின் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கடந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகலாயினர். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. 1983 இல் அந்த மாற்றம் பல்கலைக்கழகத்தை எட்டியது. தோட்டத்துப் பிள்ளைகள் கணிசமாகப் பட்டப்படிப்புக்கு வந்தது இதை ஒட்டிய ஆண்டுகளில்தான். மருத்துவம், பொறியியல் ஆகியவற்றின் வாசலில் இன ஒதுக்கீடும் போட்டியும் நெருக்கின. கலைப்புலத்தில் அந்த நெருக்கடி குறைவு. ஆறாம் படிவத்தில் வரலாறு எடுத்தவர் அதையே தொடர்ந்தார். ஆசிரியர் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை தோட்டத்துப் பெற்றோருக்குப் போதுமானதாக இருந்தது.

இறுதியாண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டபோது பலர் தமக்குத் தெரிந்த இடத்தைச் சொன்னார்கள்: தாம் பிறந்த தோட்டம், தம் பள்ளி, தம் ஊர்த் தொழிற்சங்கம். சங்கத்துக்கு நெகிரி செம்பிலானில் தனிச் சிறப்பும் உண்டு. 1950 இல் மலாயாத் தொழிற்சங்க மன்றத்தின் முதல் தலைவரும், 1954 இல் பல சங்கங்கள் இணைந்து பிறந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பொதுச்செயலாளருமான பி.பி.நாராயணன் இம்மாநிலத்துச் சங்கப் பணியிலிருந்து எழுந்தவர்.

இத்தகைய ஆய்வேட்டை எழுதுவோர் மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். சான்றுகள் ஆங்கிலத்தில் உள்ளன: தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகள், 1920களிலிருந்து இந்திய அரசின் முகவர் எழுதிய அறிக்கைகள், தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள நெகிரி செம்பிலான் செயலகக் கோப்புகள். வாய்மொழிச் சாட்சியம் தமிழில். எழுதிக் கொடுக்க வேண்டியது மலாயில். பாட்டி சொன்ன சொல் மலாய் வாக்கியத்துக்குள் போகும்போது வழுக்கும். 'பெரட்டு' என்பதை ஆள்கணக்கு எடுக்கும் வரிசை என்று விளக்கிவிடலாம். துரையின் அதட்டலும் நெஞ்சுக்குள் கிடக்கும் அச்சமும் அந்த விளக்கத்தில் ஏறாது.

அறிக்கைகளும் சாட்சியமும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இடம்தான் இந்தப் பயிற்சியின் சாரம். தொழிலாளர் அறிக்கையில் தோட்டத்துக்குச் சாவு விகிதமும் கூலி விகிதமும் இருக்கும், பெயர் இருக்காது. சாட்சி சொல்பவரிடம் பெயர் இருக்கும், ஆண்டு இருக்காது. அவர் காலத்தைத் துரையின் பெயரால் கணக்கிடுவார், இல்லையேல் 'ஜப்பான்காரன் காலம்' என்பார். அந்த ஒரு சொற்றொடருக்குள் 1942 முதல் 1945 வரை அடங்கும். சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போகப்பட்டவர்கள், திரும்பி வராதவர்கள், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் செய்தி எட்டியபோது சுபாஷ் சந்திர போஸ் சிரம்பானில்தான் இருந்தார். தோட்டத்துக் கிழவர் ஒருவர் நேதாஜியைப் பார்த்தேன் என்றால் மாணவர் உடனே நம்பிவிடவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது. எந்த மாதம், எந்த இடம், உடன் யார் என்று கேட்கத் தெரிவதற்காகத்தான் இந்தப் படிப்பு.

இந்த ஆய்வேடுகளில் பெரும்பாலானவை அச்சேறவில்லை, நூலக அடுக்கில் தட்டச்சுப் பிரதிகளாக உள்ளன. தமிழ் வாசகரை எட்டியது நாவல்தான். ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', 'லங்காட் நதிக்கரை' ஆகியவை வரலாற்றுத் துறைகள் செய்யத் தவறிய வேலையின் ஒரு பகுதியைச் செய்தன. நாவலுக்கு அடிக்குறிப்புத் தேவையில்லை என்பது அதன் வசதி, அதன் வரம்பும் அதுவே.

பள்ளிப் பாடமும் பட்டமும்

இடைநிலைப் பள்ளியில் 1989 ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்கியது. 2013 முதல் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் பெற அதில் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. அந்த அறிவிப்பு எழுந்த ஆண்டுகளில் பாடநூலில் சீனர், இந்தியர் பங்களிப்புக்குத் தரப்பட்ட இடம் போதாது என்று பெற்றோரும் கல்வியாளரும் வாதிட்டனர். தொடக்கப் பள்ளியில் 2014 முதல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப் பாடமானது. தமிழ்ப்பள்ளியில் அது தமிழிலேயே கற்பிக்கப்படுகிறது. மூன்றாண்டு தமிழில் வரலாறு படித்த பிள்ளை அதன்பின் அதே பாடத்தை மலாயில் தொடர்கிறது.

கட்டாயத் தேர்ச்சியால் பாடத்துக்கு மதிப்பும் ஆசிரியருக்குத் தேவையும் கூடின. தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் வரலாற்றுக்கென ஆசிரியர் பட்டம் தருகிறது. பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை முதன்மையாகவும் மற்றொன்றைத் துணையாகவும் சேர்த்துப் படிக்கலாம். ஆசிரியராக விரும்புவோர்க்குத் தமிழோடு வரலாற்றைச் சேர்த்துப் படித்தல் நடைமுறைக்கு உகந்தது. வரலாற்றையே முதன்மையாக எடுத்து ஆய்வுக்குப் போக நினைப்பவர் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும். மலாயை அரபு வரிவடிவில் எழுதும் ஜாவி எழுத்தும் தெரிந்தால் மலாய் நிலப் பதிவுகளும் திறக்கும்.

ஆய்வுக்களமும் இதற்கிடையே மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் நீலாய், சிரம்பானைச் சுற்றிய தோட்ட நிலங்கள் வீடமைப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கல்லூரி வளாகங்களாகவும் ஆயின. லயங்களில் இருந்தவர் நகர அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007 இல் ஒன்றாயின. கத்ரி நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் லண்டனில் கீழைநாட்டு, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் நூலகத்திலும், ஹாரிசன்ஸ் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்தினுடையவை லண்டன் ஆவணக் காப்பகத்திலும் வைக்கப்பட்டுள்ளன. அருணிமா தத்தா மலாயாத் தோட்டப் பெண் தொழிலாளரைப் பற்றி 2021 இல் வெளியிட்ட நூல், அரசுக் கோப்புகளையும் காலனி நீதிமன்ற வழக்குகளையும் புதிதாக வாசித்து எழுதப்பட்டது. தோட்டத்தில் பிறந்து வரலாறு படிக்கும் இன்றைய மாணவர் முதலில் புரட்ட வேண்டிய நூல்களில் அதுவும் ஒன்று.