அர்ஜென்டினர் பற்றிய பொதுப்பிம்பங்கள்

அர்ஜென்டினர் தற்பெருமை மிக்கவர்கள், தம்மை ஐரோப்பியராகவே எண்ணிக்கொள்பவர்கள் என்பது சிலி, உருகுவே, மெக்சிகோ முதலிய நாடுகளில் நெடுங்காலமாக நிலவும் கருத்து. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் இதையொட்டிய நகைச்சுவைத் துணுக்குகள் ஏராளம்; போப் பிரான்சிஸ்கூட, தாம் அர்ஜென்டினராக இருந்தும், அவற்றைச் சொல்லிச் சிரித்ததுண்டு. உண்மையில் இந்தக் குணச்சித்திரம் தலைநகர் புவெனஸ் ஐரிஸ் வாசிகளைப் பார்த்து வரையப்பட்டது. உள்நாட்டு மாகாணத்தவரும் தலைநகரத்தார்மீது இதே குறையைச் சொல்வதுண்டு.

இதன் வேர் குடியேற்ற வரலாற்றில் உள்ளது. 1853ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு ஐரோப்பியக் குடியேற்றத்தை ஊக்குவிக்குமாறு அரசைப் பணித்தது. இத்தாலியரும் ஸ்பானியரும் லட்சக்கணக்கில் வந்திறங்கினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாட்டிறைச்சி, தானிய ஏற்றுமதியால் நாடு செழித்தபோது, பாரிஸில் பணத்தை வாரியிறைக்கும் அர்ஜென்டினச் சீமான் என்ற பிம்பமும் உருவானது. 2021 ஜூனில் அன்றைய அதிபர் அல்பெர்த்தோ பெர்னாண்டஸ், மெக்சிகர் பழங்குடியினரிலிருந்தும் பிரேசிலியர் காட்டிலிருந்தும் வந்தவர்கள், அர்ஜென்டினரோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் என்று பேசி, எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கோரினார்.

ஐரோப்பிய வழியினர் என்ற இந்தப் பிம்பத்தின் மிக மோசமான விளைவு, அது மற்ற மக்களை மறைத்துவிடுவது. 1778 கணக்கெடுப்பில் புவெனஸ் ஐரிஸில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் ஆப்பிரிக்க வழியினர். மப்பூச்சே, கொம் முதலிய பழங்குடியினர் இன்றும் அர்ஜென்டினாவில் வாழ்கின்றனர்.

மாட்டிறைச்சி, டாங்கோ, கால்பந்து வெறி, உளப்பகுப்பாய்வில் நாட்டம் ஆகியவை பிற பொதுப்பிம்பங்கள்.